மெதுவாகத் திட்டச் சொன்னவர்

வத்தல்மலையில் நாங்கள் கட்டிய மரவீட்டுக்கு ஜன்னல் வைக்க வந்தவர் ஒல்லியானவர். காதில் எப்போதும் பென்சில். மரச்சட்டத்தில் ஜன்னலைப் பொருத்தி, சுற்றிலும் பலகை அடித்து முடித்ததும், வெளியே போய் ஜன்னலோரம் காதை வைத்தார்.

"உள்ள நின்னு என்னைத் திட்டுங்க சார். கேட்டா எங்கியோ சந்து இருக்குதுன்னு அர்த்தம்."

"பாராட்டினா ஆகாதுங்களா?"

"அதைச் சத்தமா சொல்லிடுவாங்க. திட்டறப்பதாங்க கொரலு எறங்கும்."

சொன்ன நாளில் வராததற்காக மெதுவாக, மனதாரத் திட்டினேன். உள்ளே வந்து, மேல்மூலையில் ரப்பர் பட்டையைச் செருகிவிட்டு, திரும்ப வெளியே போய்க் காதை வைத்தார். மழையில் உப்பிய பலகையை அப்படியே அடித்துவிட்டதற்காக மறுபடியும் திட்டினேன்.

"இப்ப ஒண்ணும் கேக்கலீங்க" என்றார்.

பைக்கில் ஏறும்போது சொன்னார்: "அந்த உப்பின பலகைய நாளைக்கு மாத்திடறேங்க."

திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது.