பத்து நிமிஷம்

அந்தக் கிளினிக் வாசலில் ஒன்பது வருஷமாக நிற்கிற காவலாளிக்கு டாக்டர்மேல் தீராத வயிற்றெரிச்சல். ஆறு மணிக்கு வரவேண்டிய மனிதர் ஏழரைக்குப் பின்வாசல் வழியாகப் பூனைபோல் நுழைவார். அதுவரை கூட்டத்தின் வாயில் விழுந்து எழுவது முன்மேசைப் பெண். டோக்கன் கொடுத்துக் கொடுத்து அவளுக்கு டோக்கன் அக்கா என்றே பெயராகிவிட்டது. யார் கேட்டாலும் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார் என்று சொல்லவேண்டும், டாக்டர் உத்தரவு. பத்து நிமிஷத்தை ஒன்றரை மணி நேரம் இழுப்பதென்ன லேசான வேலையா? திமிர் பிடித்தவள் என்பார்கள், இன்னும் அச்சில் ஏற்ற முடியாததெல்லாம் சொல்வார்கள். மொதல்ல உன் கடிகாரத்துக்கு வைத்தியம் பாரு என்றார் ஒரு கிழவர். அதற்கு மட்டும் அவளும் சிரித்தாள்.

போன செவ்வாய்க்கிழமை, மூச்சிரைக்கும் தாயைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு ஒரு நெட்டையன் நாலாவது தடவையாக மேசைக்கு வந்தான். அவள் பழக்கதோஷத்தில் பத்து நிமிஷம் என்றாள். டோக்கன் வில்லைகள் கிடந்த எவர்சில்வர் தட்டைத் தூக்கி அவள் முகத்தில் எறிந்தான். உதடு கிழிந்தது. காவலாளி பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

விடச்சொல்லிக் கைகாட்டிவிட்டு, வழிந்த ரத்தத்தைத் துடைக்காமலே அவள் எழுந்து நின்றாள்.

“டாக்டர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பல. பத்து நிமிஷம்னு சொல்லச் சொன்னது அவர்தான். இத்தனை வருஷமா தினமும் அதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

டாக்டர் வந்ததும் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அவளை உள்ளே கூப்பிட்டார். கதவுக்கு வெளியே காவலாளியின் காது. வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே என்றார் டாக்டர். உதட்டைப் பற்றி ஒரு பேச்சில்லை.

“அடிச்சவனை விட்டுட்டு அடிபட்டவளையா சார் கேக்கச் சொல்றீங்க? என்னால முடியாது.”

பையை எடுத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். இந்த ஆளுக்குக் காவல் நின்றதெல்லாம் போதும், நானும் வருகிறேன் என்று காவலாளி தொப்பியைக் கழற்றினார்.

“இருங்கண்ணே. தட்டை எறிஞ்சானே, அவன் அம்மாவை மொதல்ல உள்ள அனுப்புங்க. பதினேழாம் நம்பர். அந்தம்மாவுக்கு இழுப்பு ஜாஸ்தியாயிட்டே போகுது. முறை தப்புதுன்னு எவன் கத்தினாலும் கேக்காதீங்க. அந்த நெட்டையன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தைகூட பேசாதீங்க.”