செல்வம் அடிவாங்கிய கடற்கரை

கண்டியில் சுற்றுலா அலுவலகம் வைத்திருக்கும் அக்கா மகள், கிழக்குக் கரைக்குப் போவதற்கான காரணங்களைத் தமிழில் அழகாக எழுதித் தரச் சொன்னாள். நான் எழுதுகிறவன் என்று குடும்பத்தில் ஒரு வதந்தி உண்டு. அவள் அனுப்பிய குறிப்பில் வெள்ளை மணல், சூரிய உதயம் எல்லாம் இருந்தன. அடுத்து ‘அமைதியான நீர்’ என்றிருந்தது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்தக் கரையை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது, ஈரக் கன்னத்தில் விழுந்த அறையின் சத்தம்.

மலையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் கருவாட்டு மூட்டையாகத்தான் அறிமுகம். கண்டிச் சந்தையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போய், ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வருவோம். தண்ணீர் என்றால் எங்களுக்கு மகாவலி. பேராதனைப் பக்கம் ஆறு எங்கே நுரைக்கிறதோ அங்கே பாறை. எங்கே அசையாமல் கிடக்கிறதோ அங்கே குளிக்கலாம். இந்த ஒரே அறிவோடுதான், யுத்த நிறுத்தத்தில் பாதை திறந்ததும், நான் வேலை பார்த்த புடைவைக்கடை ஆட்கள் எல்லோரும் பஸ் பிடித்துத் திருகோணமலைப் பக்கம் போனோம். வழியெல்லாம் ரபான் மேளம் அடித்து, பைலா பாடி, பெரிய அண்டாவில் சோறும் கோழிக்கறியும் ஏற்றிக்கொண்டு.

செல்வம் என் பக்கத்து மேசையில் துணி அளந்து கிழிப்பவன். புது மாப்பிள்ளை, மனைவி சாந்தியும் வந்திருந்தாள். அவன் சோப்புக் கட்டியோடு கடலுக்கு இறங்கினான். சிரிக்காதீர்கள், நானும் ஒன்று வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் அலை சீறி உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் ஆற்று மடுப்போலப் படுத்துக்கிடந்தது.

“இந்தா இருக்குல்ல, குளிக்க நல்ல எடம்” என்றான்.

கடலில் அலை உடையாத இடம்தான் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் வாய்க்கால். இது அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியுமாம். எங்களுக்குத் தெரியவில்லை. அவன் தலை தேங்காயளவு ஆனது, பிறகு எலுமிச்சையளவு. கரையைப் பார்த்து நேராக நீந்தினான். நீந்த நீந்தத் தூரம் போனான். சாந்தி கத்திய கத்தலை எழுத எனக்கு வராது.

கொஞ்சம் தள்ளி மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். அவர் கயிற்றை விடச் சொன்னார். பாதி கரையேறிய வலை, உள்ளே துள்ளிய மீனோடு, அப்படியே கைவிடப்பட்டது. தோணியைத் தள்ளிப் போய் அவரே குதித்தார். செல்வம் அவர் தோளில் ஏறி அவரையே அமுக்கினான். அவர் அவன் மூக்கில் குத்தினார். துவண்டவனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார். மணலில் குப்புறப் போட்டு, முதுகில் மிதித்துத் தண்ணீரைக் கக்க வைத்தார்கள். மூச்சு வந்துவிட்டதை நன்றாக நிச்சயப்படுத்திக்கொண்டு, சம்மாட்டி அவனைத் தூக்கி நிறுத்தி, இரண்டு கன்னத்திலும் அறைந்தார்.

“சாகிறதெண்டா உன்ர மலையில போய்ச் சாகன்டா. எங்கட கடலுக்கு ஏன் பழி வைக்கிறாய்?”

எங்கள் காசாளர் முத்தையா அண்ணன் குறுக்கே போனார். “பொழச்சு வந்தவன அடிக்கிறீங்களே, மனுசங்களா நீங்க?”

அவருக்கும் ஒன்று விழுந்து உதடு கிழிந்தது. அதன் பிறகு கடையும் வலையும் மொத்தமாக மோதிக்கொண்டன. எங்கள் சோற்று அகப்பை ஒருவர் மண்டையில் உடைந்தது. அவர்களுடைய துடுப்பு எங்கள் டிரைவரின் முழங்கையில் இறங்கியது. மணல் அள்ளிக் கண்ணில் எறிந்தார்கள், கடித்தார்கள். நானும் வீரமாகக் கலந்துகொண்டேன், பெரும்பாலும் ஒரு மீனவருக்குக் கீழே கிடந்தபடி. பல் ஒன்றை அங்கேயே விட்டுவந்தேன்.

திடீரென்று சம்மாட்டி மணலில் உட்கார்ந்துவிட்டார். யாரோ பீடி கொடுத்தார்கள். அவர் கிழித்த தீக்குச்சிகள் ஒன்றொன்றாக ஒடிந்து விழுந்தன. அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராகக் கையை இறக்கினோம். கிழிந்த உதட்டோடு முத்தையா அண்ணன் எதிரே குந்தி, பற்றவைத்துக் கொடுத்தார்.

“பயந்துட்டீங்களா?”

“ஓம்” என்றார் அவர். “அந்தப் பொம்பிளப் பிள்ளை கத்தினது அங்க கடலுக்க கேட்டுது.”

மீன் போய்விட்டது, வலையும் கிழிந்திருந்தது. எங்கள் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து, ரத்தம் துடைத்த கையோடு எல்லோரும் சாப்பிட்டோம். செல்வத்தின் தட்டில் சம்மாட்டியே கோழிக்காலை எடுத்து வைத்தார். முறைத்துக்கொண்டுதான் வைத்தார்.

பிறகு வந்த சுனாமிப் பேரலையில் அந்தக் கரையிலிருந்த மீனவர் குடிசைகளான வாடிகள் போயின. செல்வம் சம்மாட்டியைத் தேடி இரண்டு தரம் போனான். அவர் என்ன ஆனார் என்று சொல்ல அங்கே ஆளில்லை. போன மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். இப்போது அங்கே ஹோட்டல். சாய்ந்து படுக்க வெள்ளைக் கதிரைகள், சிவப்புக் கொடி, இங்கே குளிக்க வேண்டாமென்று மூன்று மொழிகளிலும் பணிவான அறிவிப்பு. செல்வம், நரைத்த தலையோடு, அலை உடையாத ஓரிடம் பார்த்து இடுப்பளவு இறங்கி நின்றான். காவலாளி ஒரு விசில் ஊதிவிட்டுக் கைபேசியைப் பார்க்கத் திரும்பினான்.

செல்வம் கரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தான். ஒருவருக்கும் கோபம் வரவில்லை.