சைலன்ஸ் சொல்பவர்

என் சகலைக்குக் கோர்ட்டில் வேலை. நீதிபதி என்று நினைத்துவிட வேண்டாம். நீதிபதி உள்ளே நுழையும்போது கதவோரம் நின்று "சைலன்ஸ்" என்று சொல்லுகிற ஆள். இருபத்தாறு வருடமாக அதே கதவு, அதே சொல். தெருவில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. சைலன்ஸ் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் அடிக்கிற என் கடையைக் கேட்டால், "சைலன்ஸோட சகலை கடையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எனக்கு எரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். அவர் படித்தது எட்டாவது, நான் ஐந்தாவது. மூன்று வகுப்புதான் வித்தியாசம். ஆனால் அவர் சட்டை எந்நேரமும் வெள்ளை. என் சட்டை பொறி பட்டுப் பட்டு வடிகட்டி மாதிரி இருக்கும்.

வக்கீல்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, மனிதனை அடக்குகிற அடைக்கிற இங்கிலீஷ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். ரிமாண்ட், கஸ்டடி, ஹவுஸ் அரெஸ்ட், பிஹைண்ட் பார்ஸ். வாயை மூடுவதற்கென்று தனியாக ஒரு வரிசை: ஹோல்ட் யுவர் டங், ஜிப் இட், நாட் எ வேர்ட்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் மாமியார் வீட்டில் கூடும். பிள்ளைகள் கூரை பிய்கிற மாதிரி கத்தும். "வாயை மூடுங்கடா" என்பேன். உடனே என் வீட்டுக்காரி, "ஏங்க, நாயை வெரட்டுற மாதிரியா பேசுவீங்க?" என்பாள். அவர் மெல்லத் தொண்டையைக் கனைத்து, "ஜிப் இட், மை டியர் பீப்பிள்" என்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உதட்டின் மேல் விரலை இழுத்து மூடிக்கொள்ளும். மாமியார், "பெரிய மாப்பிள்ளைக்கு எவ்வளவு தன்மை" என்பார். இரண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம்தானே. இங்கிலீஷில் அடித்தால் அது தடவிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமா?

அதையும் பொறுத்துக்கொள்வேன். என் மகள் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளுக்குப் பதினான்கு வயது. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசுவாள். நான் வெல்டிங் முகமூடிக்குள்ளிருந்து உம் கொட்டுவேன். இந்த வருடம் டிரம் காலி. நேராகப் பெரியப்பா வீடு. கோர்ட்டுக் கதை கேட்கப் போகிறாளாம்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு இங்கிலீஷ் பேச்சுப் போட்டி. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்தான் உள்ளே வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு அனுமதி அட்டை கொடுத்திருந்தார்கள். அந்த அட்டை எனக்கு வேண்டும். கேட்டு வாங்க வாய் வரவில்லை.

கோர்ட்டில் இல்லாத இங்கிலீஷையும் கற்றுக்கொண்டு அவரை முந்திவிடுவது என்று முடிவு செய்தேன். ஃபைல் அறைக்குக் கம்பிக் கதவு செய்யச் சொல்லி ஒரு வக்கீல் குமாஸ்தா கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஆளை அடக்குகிற வார்த்தையாகச் சொல்லுங்க என்றேன். அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரை அடக்கணும்?"

"அதை விடுங்க. வார்த்தையைச் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்லத் தகரத்தில் சாக்பீஸால் தமிழில் எழுதினேன். ஷட் யுவர் ட்ராப். ட்ராப் என்றால் பொறியாம், வாயை எலிப்பொறி என்கிறான் வெள்ளைக்காரன். புட் எ சாக் இன் இட். வாயில் சாக்ஸைத் திணித்துக்கொள் என்று அர்த்தமாம்.

"தொவச்சதா, தொவைக்காததா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் உங்க கோவத்தைப் பொறுத்தது" என்றார்.

பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியே விடாமல் வைப்பதற்கு கிரவுண்டட். அது எனக்குப் பிடித்துப்போனது. வெல்டிங் முகமூடிக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். உள்ளே என்ன உளறினாலும் வெளியே தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது மகள் அவள் அம்மாவிடம், "அட்டை பெரியப்பாவுக்குத்தான். அவர் பேரு எழுதிட்டேன்" என்றாள். கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன்.

"யூ ஆர் கிரவுண்டட்" என்றேன். "பள்ளிக்கூடம், வீடு. வேற எங்கயும் கிடையாது. நாட் எ வேர்ட்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவர் சொன்னால் சிரிக்கிறாளே. என்னை ஒரு பார்வை பார்த்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், கதவைச் சாத்தினாள். என்னிடம் பேச்சில்லை, அம்மாவிடமும் இல்லை. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கிறது, பேசிப் பார்க்கிற சத்தமே கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று, "சரி, போதும், பேசு" என்றேன். கதவு திறக்கவில்லை.

"நல்லா இங்கிலீஷ் கத்துக்கிட்டீங்க" என்றாள் வீட்டுக்காரி. "இனிமே வீட்டுல ஈ பறந்தா காது அடைக்கும்."

வியாழக்கிழமை கடையைப் பாதியில் பூட்டிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். சகலைதான் அவளை ஏற்றிவிட்டிருக்கிறார், நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன்.

உள்ளே நான் நுழைந்தது அதுவே முதல் தடவை. கதவோரம் நின்றிருந்தார். நீதிபதி வந்தார். "சைலன்ஸ்" என்றார் இவர், ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் உட்காரவில்லை, வாய் திறக்கவில்லை. அவர் மகன் வயது வக்கீல் ஒருவன் விரலைச் சொடுக்கினான். போய்த் தண்ணீர் எடுத்து வந்து வைத்தார். நடுவில் ஒரு இருமல் வந்தது. மேஜையிலிருந்த எழுத்தர் திரும்பி, அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அவர் கர்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டு, முகம் சிவக்க, இருமலை அப்படியே விழுங்கினார்.

இடைவேளையில் வராந்தாவுக்கு வந்தார். திட்ட வந்தவனுக்குத் திட்டு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"வாயால ரத்து பண்ணினீங்களா சகலை? செல்லாதே."

"என்ன செல்லாது?"

"உள்ள போட்ட ஆளை வாய்வார்த்தையில விட மாட்டாங்க. எழுத்துல போகணும். அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஜெயிலுக்குப் போய்ச் சேரணும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அன்னைக்கு ராத்திரி உள்ளதான். போன வாரம்தான் அவகிட்ட சொன்னேன். புள்ள அதைப் பிடிச்சுக்கிட்டா."

"எல்லாத்தையும் அவகிட்டதான் சொல்லணுமா?"

"வேற யாருகிட்ட சொல்றது? நாளெல்லாம் எனக்கு ஒத்தை வார்த்தைதான் சகலை. வீட்டுக்குப் போனா உங்க மதினி டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறா. உங்க பொண்ணு ஒருத்திதான் உக்காந்து கேக்குறா. அவ ஒண்ணும் பேசுறதில்ல, நான்தான் பேசுறேன்." தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த அட்டை எனக்கு வேணும். வேண்டாம்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

"எனக்கும்தான் வேணும்."

"தெரியும்" என்றார். "ரத்து உத்தரவை நான் இங்கிலீஷ்ல எழுதித் தரட்டுமா?"

"வேணாம். போட்டவன் நான். நானே எழுதிக்கிறேன்."

வெல்டிங் ராடு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதினேன். ஐந்தாறு தடவை எழுதி எறிந்தேன். கடைசியில், பேசலாம், எங்கேயும் போகலாம், உத்தரவு ரத்து, இப்படிக்கு அப்பா என்று நின்றது. வீட்டுக்கு ஓடி, ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவுக்கு அடியில் தள்ளினேன்.

பிறகு அட்டை அதே வழியாக வெளியே வந்தது.

"சீல் இல்லையே" என்றது குரல்.

கரி படிந்த கட்டைவிரலை அதில் நன்றாக அழுத்தித் திருப்பித் தள்ளினேன். கதவு திறந்தது. என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, போட்டிப் பேச்சை முழுதும் பேசிக் காட்டினாள். ஒரு வரி புரியவில்லை. உம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

பள்ளிக்கூடத்து அட்டையை மட்டும் மாற்றவில்லை. "பேரு எழுதிட்டேன்பா, அடிச்சுத் திருத்தினா செல்லாது" என்றாள். வெள்ளிக்கிழமை சகலை மூன்றாவது வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் பரிசு வாங்கினாள். அவர் கைதட்டியதை எல்லாரும் பார்த்தார்கள். நான் தட்டியதை வாட்ச்மேன் பார்த்தார்.

திரும்பும்போது மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம். நடுவில் அவள். மேடையில் கால் நடுங்கியதை என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "எங்க கோர்ட்டுல ஒரு தடவை இப்படித்தான்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"பெரியப்பா, ஜிப் இட். அப்பாகிட்ட பேசிட்டிருக்கேன்ல."

அவர் உதட்டின் மேல் விரலை இழுத்து மூடிக்கொண்டார். சிரித்த மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் பார்த்தால், கதவோரம் இருமலை விழுங்கிய அதே முகம்.

சொல்லுங்க சகலை, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆனால் உடனே கேட்கவில்லை. ஒரு பத்தடி நடந்த பிறகுதான் கேட்டேன். அந்தப் பத்தடி எனக்கு வேண்டியிருந்தது.