தரையில் எரிந்த விளக்கு

ஜீவராணி வீட்டு கேஸ் லைன் வேலைக்குப் பெல்மதுளையிலிருந்து லைசன் உள்ள மேஸ்திரி, அங்கத்துப் பேச்சில் 'பாஸ்', ஒருவர் வரப்போகிறார் என்ற செய்தி வந்ததும், றக்வானைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வேறு பேச்சே இல்லை. பக்கத்துக் காம்பரா வீட்டிலேயே ஏழுமலை இருக்கும்போது வெளியாள் எதற்கு? ஏழுமலை தோட்டத்துப் பைப்புக்காரர். லயத்தில் தண்ணீர் வரும் எந்தக் குழாயைத் திருகினாலும் அது அவர் மாட்டியதுதான். போதாக்குறைக்கு, ஜீவராணியின் செத்துப்போன புருஷன் சின்னத்தம்பியின் கூடப்பிறந்த தம்பி.

அவரே வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டார்.

"என்னா மதினி, என் கை ஆகாதுன்னு ஆயிருச்சா?"

"தண்ணி ஒழுகினா தொடச்சிக்கலாம் தம்பி. இது ஒழுகினா எதைத் தொடைக்கிறது?"

ஏழுமலை திரும்பி நடந்தார். அதன்பிறகு அவர் வீட்டிலிருந்து பலாக்காய் வருவதும் நின்றது. லயத்தில் கோபத்தைக் காட்ட அதைவிடப் பெரிய வழி கிடையாது.

ஜீவராணி அப்படிப்பட்டவள்தான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். கணக்கப்பிள்ளைமாருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மலையில் அடித்த மழை, வெயில், அட்டை எதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை. செய்தது சொந்த அடுப்பு. ஜன்னல் இல்லாத குசினியின் விறகுப் புகை நெஞ்சில் ஏறி, பேசினால் இருமல், நடந்தால் இளைப்பு என்றாகிவிட்டது. இனி விறகடுப்புப் பக்கம் போனால் தன்னிடம் வரவேண்டாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களத்தில் கடிந்துகொண்டார். அவளும் சிங்களத்திலேயே, அப்படியானால் சோறு யார் ஆக்குவது என்று கேட்டுவிட்டு வந்தாள்.

கொழும்பில் வேலை செய்யும் மகள் துஷ்யந்திதான் கேஸ் அடுப்பை வாங்கி, மடியில் வைத்தபடி பஸ்ஸில் கொண்டுவந்தாள். நாட்டில் அங்கங்கே சிலிண்டர் வெடித்த காலத்தை இருவருமே மறக்கவில்லை.

"சிலிண்டர் வெளிய இருக்கணும், பைப்பு சுவத்தத் தாண்டி உள்ள வரணும். லைசன் உள்ள ஆளுதாம்மா செய்யணும். சித்தப்பா கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்கட்டும்" என்று கட்டளை போட்டுவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

மக்கீன் பாஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார். கேட்பதற்கு முன்பே லைசன் அட்டையை நீட்டினார். ஜீவராணி அதைக் கொழுந்து பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படத்தில் இருந்த முடி ஆளிடம் இல்லை. "நான்தான் அக்கா, முடி மட்டுந்தான் போச்சு" என்றார் அவர். அவளுக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

பின்பக்கச் சுவருக்கு வெளியே சிலிண்டருக்குக் கூரை போட்டார். சுவரைத் துளைத்துச் செப்புக் குழாயை உள்ளே கொண்டுவந்தார். புகைந்து கறுத்த குசினிக்குள் அந்தக் குழாய் மட்டும் பளபளவென்று நின்றது. கடைசியாக, காற்றுப் போக்குக்குச் சுவரடியில் ஓர் ஓட்டை போடவேண்டும் என்று குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன அக்கா, பகல்ல வெளக்கு?"

குசினி மூலையில், சிமெந்துத் தரையில், ஒரு சின்னப் பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அது இருக்கட்டுங்க பாஸ். அதத் தொடாதீங்க."

"இருக்க ஏலாது அக்கா. இந்த கேஸ் லீக் ஆனா மேல போகாது, தரையிலதான் படுத்துக் கெடக்கும். நெருப்பும் தரையிலயே இருந்தா எப்பிடி? முன்னறைக்குக் கொண்டுபோய் ஒசரமா வைங்களேன்."

"அது சாமி வெளக்கு இல்ல. அவரு படுத்த எடத்து வெளக்கு."

சின்னத்தம்பி கடைசி நாட்களில் குளிர் தாங்காமல் அடுப்படிச் சூட்டில்தான் படுத்துக்கிடந்தார். அந்த மூலையிலேயே போய்ச் சேர்ந்தார். தலை இருந்த இடத்தில் விளக்கு வைத்தார்கள். கருமாதியன்று பங்காளி ஒருவர் அந்த விளக்கை எடுத்து, ஓடையில் கழுவிக் கொண்டுவந்து வேறிடத்தில் வைப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். எடுக்க வந்தவர் ஏழுமலை. ஜீவராணி இரண்டு கையாலும் விளக்கைப் பொத்திக்கொண்டு போட்ட சத்தத்தில் பூசாரியே எழுந்து வெளியே போய்விட்டார். சரி, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டார்கள். அந்தக் கொஞ்ச நாளில் துஷ்யந்தி பள்ளிக்கூடம் முடித்துக் கொழும்புக்கும் போய்விட்டாள். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. விடிந்ததும் பால் ஊற்றாத பிளேன்டீயின் முதல் கிளாஸை அதன் முன்னால் வைப்பாள். ஆறியபின் எடுத்து மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவாள். அவளிடம் வாய் கொடுக்கப் பயந்து லயத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

இந்தக் கதை எதுவும் மக்கீனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவர் சொல்வது மாறியிருக்காது. ஓட்டையைப் போட்டார், குழாயைப் பூட்டினார், சிலிண்டரில் மாட்டவேண்டிய ரெகுலேட்டரை மட்டும் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார்.

"வெளக்கு எழும்பின நாள் போன்ல ஒரு கோல் எடுங்க அக்கா. அண்டைக்கு வந்து மாட்டித் தாறன். அதுக்கு முன்ன ஏலா."

புதுக் குழாய் சுவரில் இருக்க, ஜீவராணி மறுபடி விறகை ஊதினாள். ஊதி முடிப்பதற்குள் நான்கு தடவை இருமினாள். விளக்கை எடுத்தால் மூச்சு விடலாம். எடுத்தால் அவருக்கென்று இந்த வீட்டில் இருக்கிற கடைசி இடமும் போய்விடும். அந்த பாஸ் மீது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

விஷயம் சுவர் தாண்டிப் போக எவ்வளவு நேரம்? மறுநாள் சாயந்தரமே ஏழுமலை வந்துவிட்டார். முகத்தில் பழைய கோபம் இல்லை. கையில் ஒரு ரெகுலேட்டர்.

"கேள்விப்பட்டேன் மதினி. அண்ணன் வெளக்க எடுக்கச் சொல்ல அவன் யாரு? இங்க பாருங்க, என்கிட்டயே ஒண்ணு கெடக்கு. ரெண்டு திருகு திருகினா முடிஞ்சிச்சு. வெளக்கு பாட்டுக்கு எரியட்டும்."

ஜீவராணிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இதைத்தானே அவள் கேட்க நினைத்தாள்! சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, இருமி இருமி அடங்கினாள். ஏழுமலை தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் கேட்டாள்.

"மாட்டிட்டு, இந்தக் குசினியில உக்காந்து நீங்க சோறு தின்பீங்களா தம்பி?"

ஏழுமலை விளக்கைப் பார்த்தார். சுவரடியில் போட்டிருந்த ஓட்டையைப் பார்த்தார். ரெகுலேட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தம்பி, கருமாதியன்னைக்கு வெளக்கெடுக்க நீங்கதான வந்தீங்க. நான்தான் விடல."

"அதெல்லாம் எதுக்கு மதினி இப்ப?"

"பைப்பு வேலைக்கு உங்கள நான் கூப்பிடல. கூப்பிடவும் மாட்டேன். ஆனா இதுக்கு வேற ஆளு கெடையாது. நீங்கதான் எடுக்கணும்."

ஏழுமலை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் போனபோதுகூட அவர் யார் முன்னாலும் அழுததில்லை.

"காலையில குளிச்சிட்டு வர்றேன் மதினி" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி போனார்.

விடிந்ததும் ஈர வேட்டியோடு வந்தார். தரையில் மண்டியிட்டு, விளக்கை இரண்டு கையாலும் எடுத்தார். அடியில் எண்ணெய் ஊறி ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. ஜீவராணி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வாசலைத் தாண்டும்போது மலைக்காற்று அடித்துச் சுடர் அணைந்துபோனது. ஏழுமலை திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"போங்க தம்பி. நீங்க அணைக்கல, காத்துத்தான் அணைச்சிச்சு" என்றாள். சொல்லிவிட்டு, அவர் ஓடைக்குப் போய் விளக்கைக் கழுவிக் கொண்டுவந்து முன்னறைப் பலகையில் வைக்கும்வரை, சத்தம் போட்டு அழுதாள். லயமே கேட்டது. இந்தத் தடவை யாரும் எழுந்து போகவில்லை.

மக்கீன் பாஸ் வந்து ரெகுலேட்டரை மாட்டினார். ஒவ்வொரு மூட்டிலும் கசிவு தெரியச் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்த்தார். ஏழுமலை பக்கத்தில் குந்தியிருந்து, குமிழி ஏதாவது வராதா என்று கண்கொட்டாமல் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "ஹரி, பரவால்ல" என்று சிங்களத்தில் ஒரு 'சரி' போட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொன்னார்.

அடுப்பு நீலமாகப் பற்றியது. புகை இல்லை. ஜீவராணி தண்ணீர் கொதிக்கவைத்து, மூன்று கிளாஸில் பிளேன்டீ ஊற்றினாள். இரண்டை ஆட்களுக்குக் கொடுத்தாள். முதலில் ஊற்றியதைப் பழக்கத்தில் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். அங்கே கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. ஓட்டை வழியே குளிர்ந்த காற்று வந்து காலில் பட்டது.

வைக்க இடமில்லாமல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமும் ஆறிப்போகவிட்டு மிளகாய்ச் செடிக்கு ஊற்றிய அந்த முதல் கிளாஸை, அன்று அவளே சூடாகக் குடித்தாள்.