யசோதா லான்சுக்கு நாள் குறித்தாள்

பாரிசில் ரூ காய் என்ற தெருவில் உள்ள சிவமணியின் சாப்பாட்டுக் கடையில் யசோதா இடியப்பம் பிழியத் தொடங்கிப் பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. வீடு இருக்கும் லெ பிளாங்-மெனிலில் விடியற்காலை ஆர்.ஈ.ஆர். ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, கடைக்கு நடந்து வருவாள். வடக்கே போகும் நீண்ட ரயில்கள் நிற்கும் மேடைகளை நாளுக்கு இரண்டு தரம் கடப்பாள். அவற்றில் ஒன்றிலும் அவள் ஏறியதில்லை. கலியாணம், செத்தவீடு, பிறந்தநாள் எல்லாம் பாரிசுக்கும் புறநகர் பொபினிக்கும் இடையிலேயே முடிந்துவிடும்போது வேறெங்கே போவது?

அதிகம் பேசமாட்டாள் என்று கடையில் அவளுக்குப் பெயர். அவளுடைய ஒரே மகள் அஜந்தா தாயையும் மிஞ்சியவள். சின்ன வகுப்பில் படித்தபோது, பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கும்படி ஆசிரியை எழுதி அனுப்பியிருக்கிறார். வைத்தியர் சோதித்துவிட்டுச் சிரித்தார். காது நன்றாகக் கேட்டது. வாய்தான் திறக்கவில்லை.

அந்தப் பிள்ளை மூன்று வருடங்களுக்கு முன் இரசாயனம் படிக்க லான்சுக்குப் போனாள். பாரிசிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய ஊர். இன்று அதன் பெயரை நாடெங்கும் சொல்ல வைப்பது உதைபந்தாட்டம். யசோதாவுக்கு இதெல்லாம் தெரியாது. மகள் படிக்கிறாள், குளிர் அதிகம், அறை சின்னது. அவளுக்குத் தெரிந்த லான்ஸ் அவ்வளவுதான்.

தை மாதத்தில் ஒரு நாள் அஜந்தா தொலைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். கூட ஒரு சொல்லும் இல்லை. யசோதா அதை ரயிலில் வைத்துத் திறந்தாள். திறந்ததும் பெட்டி முழுக்க அதிர்ந்தது. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சிவப்பும் மஞ்சளும் உடுத்த சனம் மலைச்சரிவு போல மேலே மேலே நின்றது. அந்தச் சரிவின் அடியில் ஒரு சிறு மேடை. மேடையில் இடுப்பளவு உயரமான மேளம். தலைமயிரை இழுத்துக் கட்டிக்கொண்டு அதை அடித்து நின்றவள் அஜந்தா. அவள் அடிக்க, அத்தனை ஆயிரம் கைகளும் ஒன்றாகத் தட்டின. அவள் வேகம் கூட்ட, அவையும் கூட்டின.

யசோதா இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, ஒரு வாங்கில் உட்கார்ந்து மறுபடி பார்த்தாள். முகம் மகளுடையதுதான். ஆனால் அந்தத் தோள்களை அவள் முன்பு கண்டதில்லை.

அன்று பின்னேரம் தொலைபேசியில் கேட்டபோது, மேளம் அடிக்கிற பையனுக்குக் கை முறிந்ததாகவும், பக்கத்தில் நின்ற தான் வாங்கி அடித்ததாகவும், பிறகு ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை என்றும் அஜந்தா பிரெஞ்சில் சொன்னாள். வைகாசியில் ஸ்டாஜ் என்கிற வேலைப் பயிற்சிக்குக் கனடா போகிறாள். அதற்கு முன் ஊர் மைதானத்தில் அவள் அடிக்கக்கூடிய கடைசி ஆட்டம் சித்திரையில். பிறகு தமிழில் கேட்டாள்.

"அம்மா, வாறீங்களா?"

இருபது வருடத்தில் அந்தப் பிள்ளை எதற்கும் வா என்று கேட்டதில்லை. பெற்றோர் கூட்டத்துக்குக்கூடக் கடுதாசியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

யசோதா நாள் பார்த்தாள். இணையத்தில் கிடந்த ஆட்ட அட்டவணையை மகள் அனுப்ப, அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். சித்திரையில் மூன்றாவது சனி. கணவர் ஞானரட்ணம் கடைக் கலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தார். சனிக்கிழமை கிழக்கே சூலம், லான்ஸ் இருப்பது வடக்கே, ஆகையால் போகலாம். இராகுகாலம் பத்தரைக்கு முடியும். பதினொன்றுக்கு ரயில் இருக்கிறது. அவரும் வருகிறாரா என்று கேட்டதற்கு, விமான நிலையத்தில் தனக்குச் சனியும் வேலை, ஞாயிறும் வேலை, பந்தைப் பார்க்க ஆர் கொன்ஜே தருவான் என்றார்.

கடையில் கொன்ஜே என்கிற விடுமுறை கடுதாசியில் கேட்பதல்ல. உனக்கு ஒரு சனி வேண்டுமென்றால் வேறொருவருக்காக ஞாயிறுகளில் வந்து நிற்க வேண்டும். யசோதா மாசி, பங்குனியில் நாலு ஞாயிறு நின்றாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், மகளைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். ஐம்பதை எட்டும் பெண் பந்தடி பார்க்கப் போகிறாள் என்றால் அந்தச் சமையலறை ஒரு மாதத்துக்குச் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மிச்ச நேரமெல்லாம் லான்சைப் பற்றியே படித்தாள். அந்த ஊரில் இருப்பவர்கள் முப்பத்திரண்டாயிரம் பேர். மைதானத்தில் முப்பத்தெட்டாயிரம் பேர் உட்காரலாம். ஊர் முழுவதும், கைக்குழந்தை தொடக்கம் கட்டிலில் கிடப்பவர் வரை உள்ளே போனாலும் ஆறாயிரம் இடம் மிஞ்சும். இதை அவளால் ஏற்க முடியவில்லை. அவள் கண்ட பெரிய கூட்டம் ஆவணியில் கடை இருக்கிற லா சப்பலில் பிள்ளையார் தேர் ஓடுகிற நாள்தான். அன்றைக்கு லூயி பிளாங் சந்தியில் மூச்சுவிட முடியாது. அதைப்போல எத்தனை என்று எண்ண முயன்று விட்டுவிட்டாள்.

தேரை நினைத்ததால்தான் அந்தப் பிழையும் வந்தது. கோயில் நோட்டீசில் தேர் இன்ன நாள் என்று அச்சடித்துவிட்டால் மழை வந்தாலும் தேர் அன்றைக்குத்தான் ஓடும். ஆட்ட அட்டவணையையும் அவள் அப்படியே நம்பினாள். பட்டியலில் இருப்பது தற்காலிகத் திகதி, தொலைக்காட்சிக்காரரின் வசதி பார்த்துச் சில கிழமைகளுக்கு முன்தான் நாளும் நேரமும் முடிவாகும் என்பது பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அஜந்தா அதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

மூன்று கிழமைக்கு முன் செய்தி வந்தது. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி.

அந்த ஞாயிறு பொபினியில் ஒரு சாமத்தியவீடு, வயதுக்கு வந்த பிள்ளையின் சடங்கு. இருநூற்றைம்பது பேருக்குக் கடையிலிருந்துதான் சாப்பாடு, காலை தொடங்கிப் பின்னேரம் வரை பந்திக்குப் பந்தி சுடச்சுட இடியப்பம். பிழிகிறவள் யசோதா. முதல் நாள் பிழிந்து வைக்கக்கூடிய பண்டமும் இல்லை அது.

சிவமணி கெட்டவன் அல்ல. அவள் கேட்டதும் உட்காரச் சொல்லி, சனியை எடுங்கோ, திங்களையும் சேர்த்து எடுங்கோ, ஞாயிறை மட்டும் கேளாதேங்கோ என்றான்.

"மகளைச் சனி போய்ப் பாருங்கோவன் அக்கா. ஞாயிறு பார்த்தா என்ன, பிள்ளை வேறை மாதிரியே இருக்கப் போறா?"

ஓம் என்று சொல்லிவிட்டு அவள் மாவுக்குத் திரும்பினாள். கொதிதண்ணீரை ஊற்றிக் கிளறினாள். வர ஏலாது என்று மகளுக்கு எழுதவேண்டும். அஜந்தா பரவாயில்லை என்று ஒரு சொல்லில் பதில் போடுவாள். பிறகு ஒருபோதும் கேட்கமாட்டாள். தன் பிள்ளையை அவளுக்குத் தெரியாதா?

அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஓம் தம்பி," என்றாள். "ஞாயிறு வேறை மாதிரித்தான் இருப்பா. நான் லான்சிலை பந்தடி பாக்கப் போறன்."

கொத்துரொட்டி கொத்திக்கொண்டிருந்த அலெக்சிசின் தகடுகள் நின்றன. அலெக்சிஸ் பந்தடிக்குப் பேர்போன குருநகர்க்காரர், ஆட்டமொன்றைத் தவறவிட்டால் அன்றைக்கு அவருடைய கொத்தில் உப்பிராது என்று கடையில் பகிடி சொல்வார்கள்.

"எங்கை? லான்சோ?" என்றார் அவர். "நீரோ?"

அவள் தொலைபேசியை எடுத்து அந்த வீடியோவை ஓடவிட்டாள். அலெக்சிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிவமணியும் எட்டிப் பார்த்தான். புகை உறிஞ்சியின் இரைச்சலையும் தாண்டி மேளம் கேட்டது.

"இந்த மைதானத்துக்குப் போகவேணுமெண்டு இருபத்தாறு வருசமாய்ச் சொல்லிக்கொண்டு திரியிறன்," என்றார் அலெக்சிஸ். "ஆர் இந்தப் பெட்டை?"

"என்ரை மகள்."

அவர் தொலைபேசியை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

"உம்மடை அஜந்தாவோ? இஞ்சை வந்தால் சோடாவையும் விரலாலை காட்டிக் கேக்கிற பிள்ளையோ?"

"ஓம்."

அலெக்சிஸ் தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வீடியோ முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். பிறகு சிவமணியைப் பார்த்து, ஞாயிறு இடியப்பத்தைத் தான் பிழிவதாகச் சொன்னார். சிவமணி நம்பவில்லை. காலைப் பூசைக்காக ஞாயிறு பன்னிரண்டுக்கு முன் கடைப் பக்கமே தலைகாட்டாத மனிதர் அவர். தேவாலயம் தவறியதாக ஒரு கிழமையும் இல்லை.

"சனி பின்னேரப் பூசை கண்டால் அது ஞாயிறுக் கணக்கு," என்றார் அலெக்சிஸ். "சாமியாரே சொல்லியிருக்கிறார். நான் விடிய நாலு மணிக்கு வாறன்."

"அண்ணை, உங்கடை இடியப்பம் தேர் இழுக்கிற வடம் மாதிரி எல்லோ இருக்கும்," என்றான் சிவமணி.

"அப்ப நீ வந்து நூல் மாதிரிப் பிழி."

சிவமணி தானும் நாலு மணிக்கு வருவதாகச் சொன்னான். அந்த மூன்று கிழமையும் யசோதா இருவருக்கும் மாவின் பதம் பழக்கினாள். சிவமணிக்குக் கை வந்தது. அலெக்சிசுக்குக் கடைசிவரை வரவில்லை. தட்டு அவிக்கிற வேலையைக் கொடுத்தாள். கலண்டரில் ஞாயிறு மேற்கே சூலம். வடக்குக்கு அன்றும் தடையில்லை என்று சொல்லி ஞானரட்ணம் அவளை அனுப்பிவைத்தார்.

ரயில் போன வழியில் சமவெளியில் இரண்டு கரிய குன்றுகள் எழுந்தன. நிலத்தடியிலிருந்து தோண்டி எறிந்த கழிவு அப்படிக் குவிந்தது என்று பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் விளக்கினார். நிலையத்திலிருந்து வழி கேட்கத் தேவைப்படவில்லை. எல்லோரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். கடைக்காரர் கதவைப் பூட்டிவிட்டு நடந்தார். சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி, தோளில் குழந்தையோடு ஒரு தகப்பன். யசோதா கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு அவர்களோடு போனாள்.

அவளுடைய இருக்கை அந்தச் சரிவின் நடுவில் இருந்தது. கீழே சிறு மேடையில் அஜந்தா ஏறினாள். மேளக்காரர் மைதானத்துக்கு முதுகு காட்டிச் சனத்தைப் பார்த்தே நிற்கவேண்டுமாம். அதனால் அவளுடைய முகம் நேராகத் தெரிந்தது. ஒரு கையை உயர்த்தினாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேல் வரிசைகளும் அடங்கின. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் இருந்த இடத்தில், எங்கோ ஒரு கொடி காற்றில் அடிக்கிற சத்தம் கேட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் எப்போது தொடங்குவாளோ அப்போது தொடங்குவதற்காக அத்தனை பேரும் கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

யசோதாவும் கைகளைத் தூக்கினாள்.