கிளம்பிவிட்ட பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பாட்டுக்கு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் பையன் செல்போனை மூக்குக்கு நேராக நீட்டினான். கேரவன் வாடகைக்கு விடுகிற யாரோ போட்ட விளம்பரம். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ். கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் நிறுத்திவிட்டு, விடிந்ததும் திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாமாம்.

"பொங்கல் லீவுக்குப் போலாம்மா. இன்னொரு விஷயம் தெரியுமா? உள்ளயே டாய்லெட் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, கீரைக்கட்டு கீழே விழுகிற சிரிப்பு. அவன் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தான். அவனிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் உங்களிடம் சொல்கிறேன். இந்தக் கேரவன், இந்தக் கம்பம், இந்தக் கக்கூஸ் எல்லாம் எங்கள் வீட்டில் நாங்கள் எப்போதோ போட்ட திட்டம்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். நெட்டையான மனிதர், வாசற்படியில் எல்லாம் குனிந்துதான் நுழைவார். அவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். சர்க்கரை வேறு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இப்போது கேட்கலாம். அப்பா வெட்கப்பட்டார். ஒரு நாள்கூட வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை, அம்மா உள்பட. எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். குடும்பம் என்றால் இப்படித்தானே.

அவர் மனதில் மயிலாப்பூரின் வரைபடம் ஒன்று இருந்தது. எந்தக் கல்யாண மண்டபத்தில் பாத்ரூம் மேடைக்குப் பக்கம், எந்த சபாவில் மாடியில், எந்த நண்பர் வீட்டில் கூடத்தைத் தாண்டிப் போக வேண்டும், எல்லாம் அத்துப்படி. மார்கழிக் கச்சேரியில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் வந்தால் பாதி சபை கேன்டீனுக்கு எழுந்து போகுமே, அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக அப்பாவும் எழுந்திருப்பார். அவர் வேறு பக்கம் திரும்புவார், அவ்வளவுதான். மிருதங்கத்தின் மேல் அவருக்கு விரோதம் என்று ஊரில் ஒரு பேச்சுகூட உண்டு.

வெளியூர் என்றால் ஒரே பதில்தான். "வெளியூர்த் தண்ணி எனக்கு ஒத்துக்காது." கல்யாணமா, காசியா, எதற்கும் அதே பதில். அவரைத் தனியாக விட்டுவிட்டு அம்மாவும் எங்கும் போனதில்லை.

அம்மாவுக்குக் காசி மேல் எல்லாம் ஆசை இல்லை. அவள் ஆசை கம்பம். அவள் தங்கை, எங்கள் விஜி சித்தி, அங்கேதான் இருந்தாள். சித்தப்பாவுக்கு பாங்கில் வேலை. அந்தப் பக்கம் மாற்றலாகிப் போனவர், கொஞ்சம் திராட்சைத் தோட்டம் வாங்கிப்போட்டு அங்கேயே தங்கிவிட்டார். வருஷா வருஷம் பஸ்ஸில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை வரும். கோயம்பேட்டில் போய் எடுத்து வருவது என் வேலை. வந்து சேர்வதற்குள் பாதி நசுங்கி, சுற்றியிருக்கிற செய்தித்தாள் எல்லாம் ஊதாவாகி, ஆட்டோவில் வருகிறபோதே என் மடியும் ஊதாவாகிவிடும். வீடு முழுக்க இரண்டு நாள் அந்த வாசனை. அம்மா நல்லதாகப் பொறுக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாள். வெடித்ததை எல்லாம் தான் தின்பாள்.

சித்தி போனில் வெறுப்பேற்றுவாள். "பெட்டில வர்றதெல்லாம் ஒரு திராட்சையா? பந்தலுக்கு அடியில நின்னுண்டு நீயே பறிச்சு வாயில போட்டுப் பாரு." அம்மா போனை வைத்துவிட்டு, "ஒரு தடவை பாத்துட்டு வந்துடணும்டி" என்பாள். அதோடு சரி, அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு வருஷம் சித்தியின் குரல் மாறியிருந்தது. பிள்ளைகள் படிப்புக்காகக் கோயம்புத்தூர் போகிறார்கள், தோட்டத்தை வாங்க ஆள் பார்த்தாயிற்று, இந்த அறுவடை முடிந்ததும் கைமாற்றிவிடுவார்கள். அன்றைக்கு சாம்பாரில் உப்பே இல்லை. அப்பா அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். எனக்குக் கோபமான கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

எனக்கு அப்போது பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களா என்று அம்மா ஆச்சரியப்படுவாள். ஆபீஸ் வேன்களை ஓட்டியவர் பாபு. ஈக்காட்டுத்தாங்கலில் அவருக்குச் சொந்தமாக ஒரு ஷெட் உண்டு, பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து மேய்வார். ஆபீஸ் போகிற வழியில் குப்பைமேட்டுப் புகை வருகிற இடத்தில் எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அன்றைக்கு மூச்சைப் பிடிக்க மறந்து பாபுவிடம் புலம்பித் தீர்த்துவிட்டேன்.

"இவ்ளோதானா மேடம்? வண்டிலயே ஒரு பாத்ரூம் வெச்சிட்டா மேட்டர் ஓவர். ஷெட்ல ஒரு வேன் சும்மா கீது."

வீட்டில் வந்து எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாத்ரூம் என்ற வார்த்தையே வராமல் சுற்றி வளைத்து, "எல்லா வசதியும் உள்ளயே இருக்கற வேன்பா" என்றேன். அப்பா பேப்பரை மடித்தார். "எல்லாம்னா?" என்றார். "எல்லாம்தான்பா." கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பத்துல இப்ப வெயில் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ஊரைத் தாண்டாத மனிதர் தினமும் பஸ் பிடித்து ஈக்காட்டுத்தாங்கல் போய் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டார். (அங்கே பின்னால் பாத்ரூம் இருந்தது. முதல் நாளே விசாரித்திருப்பார்.) வேனின் கடைசியில் பிளைவுட் தடுப்பு, ஒரு கக்கூஸ், மேலே தண்ணீர்த் தொட்டி, அடியில் ஒரு டிரம். பாபு கதவுக்கு ஒரு சின்னக் கொக்கி போட்டார். அப்பாவுக்கு அது போதவில்லை. கடைத்தெரு எல்லாம் அலைந்து, வாசல் கதவுக்குப் போடுகிற கனத்தில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு போனார்.

"இன்னா நைனா, உள்ள நகை வெக்கப் போறியா?" என்றாராம் பாபு. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. அவரை நைனா என்று கூப்பிட்டவர் அதற்கு முன்னால் யாரும் கிடையாது. ராத்திரி எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அடுப்பும் வைத்துவிடலாம், வழியெல்லாம் சூடாகச் சாப்பிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. "ஆத்துலயும் நான் சமைக்கணும், வண்டிலயும் நான் சமைக்கணுமா? புளியோதரை கட்டிண்டு வரேன், போறும்" என்றாள் அம்மா. அடுப்பு யோசனை அன்றோடு போயிற்று.

இனி பஞ்சாங்கம். பாபுவுக்கு ஆபீஸில் லீவு கிடைத்தது வியாழக்கிழமையிலிருந்துதான். கம்பம் தெற்கே, வியாழக்கிழமை தெற்கே சூலம். அப்பா சூலத்தை எதிர்த்து எதிர்வீட்டுக்குக்கூடப் போகமாட்டார். அதற்கும் சாஸ்திரத்தில் வழி உண்டு, பரஸ்தானம் என்று. போகிற நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல வேளை பார்த்து, பெட்டியை மட்டும் வீட்டைவிட்டுக் கிளப்பி வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும். பெட்டி கிளம்பிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆசாமி வீட்டிலேயே இருந்து, சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். ஒன்றே ஒன்றுதான், கிளம்பின பெட்டியைப் போகாமல் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. இதையெல்லாம் அப்பாதான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். எனக்கும் அந்த சாமர்த்தியம் பிடித்திருந்தது.

புதன்கிழமை காலையில் பாபு வேனைக் கொண்டுவந்து சந்து முனையில், ஒரு சக்கரம் நடைபாதையில் ஏறியபடி நிறுத்தினார். நல்ல வேளையில் இரண்டு பெட்டிகளும் வேனில் ஏறின. அம்மா தன் பெட்டிக்குக் குங்குமம்கூட வைத்தாள். எல்லோரும் இறங்கினோம். அப்பா மட்டும், "ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். டெஸ்டிங் வேலை எனக்கு, டெஸ்ட் பண்ணியது அவர்.

வெகு நேரம் ஆயிற்று. அப்பா கத்தவில்லை, அவர் சுபாவம் அப்படி. உள்ளே இருந்து ஒற்றை விரலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி சாய்ந்து நின்றதில் கதவுச் சட்டம் கோணி, அந்த கனத் தாழ்ப்பாள் இறுகிவிட்டது. பாபு வெளியிலிருந்து இழுத்தார், நான் தள்ளினேன். பூக்காரம்மா கூடையோடு வந்தாள். இஸ்திரிக்காரர் வந்தார். மாடி வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"உள்ள யாரும்மா?"

"எங்காத்து மாமா" என்றாள் அம்மா.

"உள்ள இன்னா பண்றாரு?"

அதற்குள் பின்னால் ஒரு ஆட்டோ வந்து ஹாரனை அழுத்தியது. வழிவிடுவதற்காக பாபு வண்டியை மெதுவாக நகர்த்தினார். உள்ளே அப்பா, பின்னால் நாங்கள், பூக்காரம்மா, இஸ்திரிக்காரர், ஆட்டோ என்று சாமி புறப்பாடு மாதிரி சந்து நெடுக ஊர்வலம் போனது. சமமான இடத்துக்கு வந்ததும் தாழ்ப்பாள் தானே விட்டுவிட்டது. கதவு திறந்தது. அப்பா இறங்கினார், யாரையும் பார்க்கவில்லை, செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

"யாரும் எங்கயும் போக வேண்டாம். பெட்டியை எடுத்துண்டு வாங்கோ" என்றார் வாசலில் நின்றபடி.

எனக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் ஒளித்து வைத்தது தெருவுக்கே தெரிந்துவிட்டதே என்று அவருக்காகப் பாதி, அம்மாவுக்காக மீதி. அம்மா அழவில்லை. உள்ளே போய்ப் புளியைக் கரைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"என் பெட்டி கிளம்பிடுத்து. கிளம்பின பெட்டியைத் திரும்ப எடுத்துண்டு வரப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்? நாளைக்கு நான் அது பின்னாலயே போயிடறேன். உங்களுக்கு ரசம் வெச்சுட்டுப் போறேன்."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவும் கேட்டிருக்க மாட்டார்.

மறுநாள் காலை அம்மா வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில். பாபு என்ஜினைக் கிளப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அப்பா வந்தார், கையில் ஒன்றும் இல்லாமல்.

"என் வேஷ்டி சட்டையெல்லாம் உள்ள இருக்கு. நான் எதைக் கட்டிக்கறதாம்?"

யாரும் சிரிக்கவில்லை. "ஏறு நைனா" என்றார் பாபு.

மதுராந்தகம் ஏரி தாண்டியதும் அப்பா நெளிய ஆரம்பித்தார். முன்னால் என்றால் நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்திருப்போம். அம்மா திரும்பி, காப்பி வேணுமா என்று கேட்கிற குரலில், "போணுமா?" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அந்தத் தாழ்ப்பாள் இருக்கிற பக்கமே அவர் போகத் தயாரில்லை. பாபு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். "நானும் அதுக்குத்தான் இடம் பாத்துக்கினு இருந்தேன்" என்று தானும் இறங்கிக்கொண்டார். அப்புறம் வழிநெடுகப் புளியமரங்கள்தான். தெருவுக்கே தெரிந்த பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? அவ்வளவு பாடுபட்டுக் கட்டின பாத்ரூமில், திண்டுக்கல்லில் வாங்கின இளநீர்க் குலைகளும் வாழைத்தாரும் சௌகரியமாக உட்கார்ந்து வந்தன.

சித்தியின் தோட்டத்தில் கல் தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டிருந்தார்கள். கொத்துக் கொத்தாகத் தலைக்கு மேல் கருநீலம். பந்தல் தாழ்வு. அம்மா குள்ளம், நிமிர்ந்து நடந்தாள், திராட்சை அவள் நெற்றியில் உரசிக்கொண்டே போயிற்று. அப்பா பின்னால் முதுகை வளைத்து, குனிந்தே வந்தார், அப்படியும் இரண்டு தடவை கம்பியில் இடித்துக்கொண்டார். அம்மா ஒரு கொத்தைப் பிடித்து, ஒரே ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தோம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எப்பவோ வந்திருக்கலாமே. நான் என்ன சிரிச்சுடப் போறேனா?" என்றாள் அப்பாவிடம்.

"சிரிச்சிருப்பே" என்றார் அப்பா, குனிந்தபடியே.

அம்மா சிரித்துவிட்டாள். விட்டுவிட்டுச் சிரித்தாள், சித்தி முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. அப்பாவும் சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் அவர்கள் காசிக்குப் போனார்கள், கும்பகோணம் போனார்கள், சாதாரண ரயிலில், வழியில் நிற்கிற இடமெல்லாம் நின்று. கடைசிப் பயணத்தில் மட்டும் முதலில் அப்பா போனார், பின்னாலேயே அம்மா. பாபு ஷெட் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். அந்தப் புளியமரங்களை ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். தோட்டம் இப்போது வீட்டு மனையாம். பந்தல் போட்ட கல் தூண்கள் நாலைந்து மட்டும் இன்னும் நிற்கின்றனவாம், சித்திதான் சொன்னாள். பையனிடம் சரி, போகலாம் என்று சொல்லிவிட்டேன். போனால் அந்தத் தூண்களுக்கு நடுவில் போய் நிற்பேன். அப்பா உயரம் எனக்கு வந்திருக்கிறது. நானும் அங்கே நிமிர்ந்தே நிற்கலாம், இடிப்பதற்கு மேலே ஒன்றும் இல்லை.