செத்த மாட்டு லாரி

லோர்னா ட்வைட்டின் லாரி வருவதை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து அந்தப் பள்ளத்தாக்கில் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை; மூக்கே சொல்லிவிடும். கன்று ஈனும் பருவம் முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போய், செத்த மாடுகளையும் கன்றுகளையும் அள்ளிவந்து, ஊருக்கு வெளியே மரத்தூளில் புதைத்து மக்கவைப்பாள். ஆறு வருடமாக அதுதான் பிழைப்பு. எத்தனை முறை குளித்தாலும் நாற்றம் போகாது. தேவாலயத்தில் அவள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள்.

முன்பெல்லாம் செத்ததை டிராக்டரில் கட்டி இழுத்துப்போய் ஓடைப் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். அப்பன் தள்ளிய இடத்திலேயே மகனும் தள்ளுவான். அங்கே அழிந்துபோயிருந்த ஓநாய்களைக் கனடாவிலிருந்து கொண்டுவந்து மலையில் விட்டபோது, அவை மோப்பம் பிடித்து வந்தது இந்தப் பள்ளங்களுக்குத்தான். செத்ததைத் தின்று ருசி கண்டு, பக்கத்துத் தொழுவத்தில் உயிரோடு நின்றதையும் தொட்டன. லாரி ஓடத் தொடங்கியபின் மலையிலேயே மான் அடித்துத் தின்றுகொண்டு ஒதுங்கிக் கிடந்தன.

இந்த மார்ச்சில் அவளுடைய தம்பி டெல், தன் கன்றுகள் மூன்றை ஓநாய் அடித்துவிட்டது என்றான். ஊர் கொதித்தது. மலையில் இருக்கும் ஓநாய்க் குடும்பத்தை மொத்தமாகச் சுட அரசிடம் அனுமதி கேட்பது என்று சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுக்க இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை லோர்னா தம்பி வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய நாய் எதையோ கவ்விவந்து வாசலில் போட்டது. கன்றின் கால், தோல் வழுவழுத்து உரிந்திருந்தது. டெல் அதைப் பூட்ஸால் ஓரம் தள்ளினான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நாய் வந்த தடத்திலேயே நடந்தாள். புதருக்குப் பின்னால் அப்பாவின் பழைய பள்ளம். உப்பி வெடித்த வயிறுகள், காக்கை கொத்திய கண்குழிகள், சேறெங்கும் ஓநாய்க் கால்தடம். மேலாகக் கிடந்த மூன்று கன்றுகளின் காதில் டெல்லின் பண்ணை எண் போட்ட மஞ்சள் வில்லை. பின்னங்கால்களில் கழிச்சல் காய்ந்து அப்பியிருந்தது. கடித்த இடத்தில் ரத்தம் கட்டவில்லை. செத்தபின்தான் ஓநாய் தின்றிருக்கிறது.

டெல் பின்னாலேயே வந்து நின்றான்.

“நீ லாரியில ஏத்துறத ஊரே எண்ணும்க்கா. கழிச்சல்ல இத்தன போச்சுன்னா, மாடு வளக்கத் தெரியாதவன்னு சிரிப்பானுங்க.”

“அதுக்கு ஓநாய் மேல பழியா?”

“அது வந்து கேக்கவா போகுது?”

அவள் அவனைவிட்டு இரண்டடி விலகி நின்றாள். பள்ளத்தின் நாற்றத்துக்கு விலகாதவள். இடுப்பில் செருகியிருந்த வேலைக் கையுறையை எடுத்து அவன் மேல் எறிந்தாள்.

“நீயே தூக்கி ஏத்து. நாளைக்குக் கூட்டத்துல எந்திரிச்சு உண்மையச் சொல்லு. இல்லன்னா இந்த லோடோட கூட்ட வாசல்ல வந்து நிப்பேன்.”

“நாலு பேரு முன்னால நீ வாயத் தொறந்திருக்கியா என்னிக்காவது?”

“நான் எதுக்குடா தொறக்கணும்? காது வில்லையில உன் நம்பர் இருக்கு.”

சனிக்கிழமைக் கூட்டத்தில் டெல் எழுந்து, கன்றுகள் கழிச்சலில் செத்தவை, ஓநாய் அடிக்கவில்லை என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். யாரும் அனுமதி கேட்கவில்லை. பிறகு சாப்பாடு பரிமாறினார்கள். ரொட்டிக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, தம்பி அவளிடம் நீட்டினான். ஓநாய் மேல் பழி போட்டவன் கையால் வாங்க அவளுக்கு மனமில்லை; தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.